பகலில் நன்றாகத் தூங்கினாலும் நைட் ஷிப்ட் சர்க்கரையை ஏற்றுமா?

கொங்குநாடன்:
அனைவருக்கும் வணக்கம். கோவை அருகே ஒரு நூற்பாலையில் வேலை செய்யும் என் தம்பிக்கு வாரம் ஒரு முறை ஷிப்ட் மாறும். நைட் ஷிப்ட் வாரத்தில், நள்ளிரவுக்குப் பிறகு கேன்டீனில் புரோட்டா சாப்பிட்டு, காலையில் வீட்டில் இட்லியும் சாப்பிட்டுவிட்டு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு பிற்பகல் வரை நன்றாகவே தூங்குகிறான். வயது 34, பருமனும் இல்லை, குடும்பத்தில் யாருக்கும் சர்க்கரை நோயும் இல்லை. ஆனால் அண்மையில் எடுத்த பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது. ஷிப்ட் வேலையும் காரணமாக இருக்கலாம் என்கிறார் மருத்துவர். தூக்கம் குறையாதபோது இது எப்படி நேரும்? கூடவே இன்னொன்று: ரத்த அழுத்த மாத்திரையை இரவில் போட்டால்தான் பலன் என்று வாட்ஸ்அப்பில் வந்ததைப் படித்துவிட்டு, அம்மா நேரத்தை மாற்றப் பார்க்கிறார். மாற்றலாமா?

உயிரியல் ஆசிரியை:
உங்கள் மருத்துவர் சொன்னதில் பொருள் இருக்கிறது. எத்தனை மணி நேரம் தூங்குகிறோம் என்பதோடு, எப்போது தூங்குகிறோம், எப்போது சாப்பிடுகிறோம் என்பதையும் உடல் கணக்கில் வைக்கிறது. மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில், பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட சிறு கொத்து ஒன்று உடலின் தலைமைக் கடிகாரமாக இயங்கி, விழித்திரை அனுப்பும் வெளிச்சத் தகவலைக் கொண்டு நேரத்தைத் திருத்திக்கொள்கிறது. ஆனால் கல்லீரல், கணையம், இதயம் என ஒவ்வோர் உறுப்பிலும் தனிக் கடிகாரம் உண்டு. கல்லீரலின் கடிகாரம் பெரிதும் உணவு வரும் நேரத்தைப் பின்பற்றுகிறது. அதனால், வெளிச்சம் ஒரு நேரத்தைச் சொல்ல, புரோட்டா வேறொரு நேரத்தைச் சொன்னால், உறுப்புகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகின்றன.

இரவில் சுரக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன் இன்சுலின் சுரப்பைக் குறைப்பதால், நள்ளிரவில் உண்ணும் அதே உணவு காலையைவிடச் சர்க்கரையைக் கூடுதலாக ஏற்றும். பாஸ்டனில் 19 பேரை ஆய்வகத்தில் நைட் ஷிப்ட் போன்ற சூழலில் வைத்துச் சோதித்து, 2021இல் முடிவை வெளியிட்டார்கள். இரவிலும் உண்டவர்களுக்குச் சராசரி சர்க்கரை 6.4 சதவீதம் உயர்ந்தது. பகலில் மட்டும் உண்டவர்களுக்கு அப்படி உயரவில்லை. சிறிய ஆய்வுதான், ஆனாலும் உங்கள் தம்பி வேலைக்குக் கிளம்பும் முன்பே வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, நள்ளிரவு உணவை மிகக் குறைத்துக்கொள்வதை அவருடைய மருத்துவரிடம் பேசிப் பார்ப்பது நல்லது.

மருந்தகத்தார்:
அம்மாவின் மாத்திரையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். விடியலில் ரத்த அழுத்தம் ஏறுவதும், மாரடைப்புகள் காலை 6 மணிக்கும் நண்பகலுக்கும் இடையில் அதிகம் நேர்வதும் உண்மை. இரவில் போட்டால் பெரும் பலன் என்று 2019இல் ஸ்பெயினிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. வாட்ஸ்அப் செய்தியின் வேர் அதுவாக இருக்கலாம். ஆனால் பிரிட்டனில் 21,104 பேரைப் பின்தொடர்ந்து 2022இல் வெளியான ஆய்வில், காலையில் போட்டவர்களுக்கும் மாலையில் போட்டவர்களுக்கும் இடையே மாரடைப்பிலோ பக்கவாதத்திலோ வேறுபாடு காணப்படவில்லை. மறக்காமல் போட முடிகிற நேரமே அம்மாவுக்கு ஏற்ற நேரம். மருத்துவரைக் கேட்காமல் எதையும் மாற்ற வேண்டாம்.

ஓய்வுபெற்ற ஷிப்ட் மேற்பார்வையாளர்:
ஷிப்ட் எந்த வரிசையில் மாறுகிறது என்பதைத் தம்பியிடம் கேளுங்கள், ஐயா. கடிகாரமும் பகல் வெளிச்சமும் இல்லாத அறைகளில் மனிதர்களைத் தங்கவைத்து மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரன் குழுவினர் உட்பட உலகின் பல இடங்களில் உடற்கடிகாரத்தை ஆராய்ந்திருக்கிறார்கள். மனித உடற்கடிகாரத்தின் ஒரு சுற்று 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீளம் என்பது இத்தகைய ஆய்வுகளில் தெரியவந்தது. ஆகவே தூங்கும் நேரத்தைத் தள்ளிப்போடுவது உடலுக்கு எளிது; முன்னே இழுப்பதுதான் கடினம். காலை, மாலை, இரவு என்று முன்னோக்கிச் சுழலும் முறையை உடல் தாங்கும் அளவுக்கு, இரவு, மாலை, காலை என்று பின்னோக்கிச் சுழல்வதைத் தாங்காது. பின்னோக்கிச் சுழல்கிறது என்றால், தொழிலாளர்கள் சேர்ந்து நிர்வாகத்திடம் வரிசையை மாற்றச் சொல்லிக் கேட்கலாம். அதற்கு ஆள் கூட்டவோ இயந்திரத்தை நிறுத்தவோ தேவையில்லை, ஷிப்ட் அட்டவணையை மாற்றி எழுதினால் போதும்.