டயாலிசிஸில் இருப்பவருக்கு ஹெபடைடிஸ் பி ஊசி பலன் தராவிட்டால் அடுத்து என்ன?

வணக்கம். அப்பாவுக்கு 61 வயது, வாரம் மூன்று முறை டயாலிசிஸ். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை டயாலிசிஸ்காரர்களுக்கான இரட்டை அளவில், 40 மைக்ரோகிராம் வீதம், நான்கு தவணையும் போட்டாகிவிட்டது. அப்புறம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்பொருள் 4தான். குறைந்தது 10 இருக்க வேண்டும்.

இதற்கிடையில் இடுப்பைச் சுற்றி அக்கி வேறு. காவி குழைத்து அக்கி எழுதச் சொன்னார் பெரியம்மா. அவர் மனம் நோக வேண்டாமே என்று எழுதியும் வந்தோம். குணமாக்கியது என்னவோ வாலாசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரைதான். அதையும் சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்கு ரொம்பக் குறைத்துத்தான் தரவேண்டுமாம். அளவு மிஞ்சினால் புத்தி தடுமாறிவிடும்.

சிறுநீரகம் கெட்டால் எதிர்ப்புச் சக்தி வயதை முந்திக்கொண்டு மூப்படைந்துவிடும் என்கிறார் டாக்டர். புதுக் கிருமியை அடையாளம் காணும் இளம் டி செல்கள் (ஒருவகை வெள்ளையணுக்கள்) குறைந்து, பழையவையே மிஞ்சுகின்றன. நம்மில் பெரும்பாலோர் உடம்பில் சத்தமில்லாமல் தங்கியிருக்கும் சைட்டோமெகலோ வைரஸ் இதை இன்னும் கூட்டுகிறதாம்.

இரண்டாம் சுற்று ஊசி போட்டு யாருக்காவது அளவு ஏறியதா? தோலுக்குள் சிறு அளவாகப் போடும் முறையை உங்கள் ஊரில் செய்கிறார்களா? அக்கிக்கான ஷிங்ரிக்ஸ் ஊசியை டயாலிசிஸில் இருக்கும்போதே போட்டவர்கள், காய்ச்சல், வலி எப்படி இருந்தது என்று சொல்லுங்கள். விலை கையைக் கடிக்கிறது, ஆனால் மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிவு செய்திருக்கிறோம், அதற்கு முன்பே போட்டுவிடலாமென்று எண்ணம். எதுவானாலும் டாக்டரிடம் கேட்டுத்தான் செய்வோம். நாட்டு மருந்து யோசனைகள் மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.