மறு: பழைய ஒலிக்கருவி உதிரிகளில் செய்யும் நகைக்கு என்ன பெயர்? (முன்மொழிவு: பரலணி)

அனைவருக்கும் வணக்கம்.

பழைய காதொலிப்பான் (இயர்போன்), ஒலிவாங்கி (மைக்) போன்றவற்றின் உதிரிகளில் செய்யும் நகைக்குத் தமிழ்ப்பெயர் தேடும் இந்த இழையில் வந்த சொற்களை ஒவ்வொன்றாக வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன். இரண்டு ஏன் ஒத்துவரவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

> மின்னணி என்றே வைத்துக்கொள்ளலாமே. சின்னச் சொல், வாயில் நன்றாக உட்காருகிறது.

சின்னச் சொல்தான், அழகும் இருக்கிறது. ஆனால் ‘மின்னணு’வுக்கும் இதற்கும் கடைசி எழுத்தில் மட்டுமே வேறுபாடு. தட்டச்சில் ஒன்று மற்றொன்றாகிவிடும். பிழைதிருத்தியும் தன் பங்குக்கு மாற்றிவைக்கும். அதைவிடப் பெரிய தடை பொருளில் இருக்கிறது. பழைய காதொலிப்பானைப் பிரித்தெடுத்து நாம் தோடாக்கும் வட்டில் மின்சாரம் ஓடுவதே இல்லை. ‘மின்’ என்று தொடங்கினால், ஒளிர்கிற நகையும் இதயத்துடிப்பை எண்ணும் கைப்பட்டையும்தான் நினைவுக்கு வரும். அவை வேலை செய்பவை. அவற்றுக்கு ‘அணிகருவி’ பொருத்தமாக இருக்கும். அதை அங்கேயே விட்டுவிடுவோம்.

> ஒலியுறுப்பு அணிகலன்

பொருள் சரி. ஆனால் நாக்கு, அண்ணம், குரல்வளை ஆகியவற்றை மொழியியலில் ஒலியுறுப்புகள் என்று எழுதுகிறோம். தவிர, இது பெயராக இல்லாமல் விளக்கமாக நிற்கிறது. “ஒலியுறுப்பு அணிகலன் செய்யப் பழகுகிறேன்” என்று யாரும் இரண்டாம் முறை சொல்லமாட்டார்கள்.

சொல்லைத் தேடும் முன் பொருளைக் கையில் எடுத்துப் பார்ப்பது நல்லது. காதொலிப்பானின் நெகிழிக் கூட்டில் ஒட்டுக்கோடு ஒன்று ஓடும். அதில் மெல்லிய கத்தியை வைத்து நெம்பினால் கூடு இரண்டாகப் பிரியும். உள்ளே சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வட்டு. அதன் முகத்தில் கண்ணாடிபோல் ஒரு சவ்வு, நடுவிலிருந்து விளிம்பு நோக்கிச் சாய்ந்தோடும் வரிகளுடன் இருக்கும். வெளிச்சத்தில் திருப்பினால் அந்த வரிகள் ஒவ்வொன்றாக மின்னும். சவ்வுக்கு அடியில் தலைமுடியைவிட மெல்லிய செம்புக்கம்பிச் சுருள். சுருளின் நடுவே சிறு காந்தம். தட்டான் ஒருவர் கல் பதித்து முடித்த வேலைப்பாடு இதில் ஏற்கெனவே இருக்கிறது. நாம் செய்வதெல்லாம் கொக்கி மாட்டுவதுதான்.

எலக்ட்ரெட் ஒலிவாங்கியும் அப்படியே. 1962-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜேம்ஸ் வெஸ்ட்டும் கெர்ஹார்ட் செஸ்லரும் உருவாக்கியது அது. பழைய ஒலிப்பதிவுக் கருவிகளில் இருக்கும் அதன் அலுமினியக் குப்பி பெரும்பாலும் 6 அல்லது 9.7 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. முன்பக்கம் கறுப்புத் துணி, பின்பக்கம் இரண்டு பற்றாசு (சால்டர்) புள்ளிகள். ஒற்றைக்கல் தோட்டுக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் இருக்கும்.

இவற்றில் எனக்குப் பொதுவாகத் தெரிவது இதுதான்: உலோகக் கூட்டுக்குள் அடங்கிய, ஒலிக்காகவே பிறந்த ஒரு சிறு பொருள். இதற்குத் தமிழில் பழைய சொல் உண்டு. சிலம்புக்குள் போட்டுக் குலுங்கவைப்பது பரல். கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரல், பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்துப் பரல். வழக்கே அந்தப் பரலில்தான் தீர்ந்தது. ஆகவே ஒலிவாங்கிக் குப்பி, காதொலிப்பான் வட்டு, ஒலிப்பியின் (பசர்) அழுத்தமின் தகடு (மின்சாரம் பாய்ந்தால் அதிர்ந்து ஒலிக்கும் வட்டு) மூன்றுக்கும் பொதுப்பெயராக ‘ஒலிப்பரல்’, அவற்றால் ஆன நகைக்குப் ‘பரலணி’ என முன்மொழிகிறேன்.

> பரல் என்றால் கூழாங்கல்லும்தானே?

ஆம். அந்தப் பொருளும் இங்கே முட்டாது. வடிவிலும் அளவிலும் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

புணர்ச்சியில் மட்டும் ஒரு சிக்கல் இருக்கிறது. இலக்கணப்படி பரல் + தோடு பரற்றோடு ஆகும், பரல் + மாலை பரன்மாலை ஆகும். இந்த வடிவத்தில் இன்றைய வாசகருக்குப் பரல் காணாமல் போய்விடும். கலைச்சொல்லில் வேர் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பரல் தோடு, பரல் மாலை, பரல் பதக்கம் என்று பிரித்தே எழுதுவோம். பரலணி மட்டும் சேர்ந்து நிற்கட்டும். அதில் ஓசையும் கெடவில்லை.

எல்லை எது என்ற கேள்விக்கு வருகிறேன். காதொலிப்பான் கம்பியின் முனையில் இருக்கும் 3.5 மில்லிமீட்டர் செருகியைக் கழுத்துச் சங்கிலியில் தொங்கவிடுகிறார்கள். அது பரல் இல்லை, ஆனாலும் பரலணியில் சேர்க்கலாம். முத்துமாலையில் பொன்மணியும் வருகிறது, பெயர் முத்துமாலைதான். ஒலியளவுத் திருகின் குமிழும் அப்படியே. மின்தடையம், மின்தேக்கி ஆகியவற்றை நான் சேர்க்கமாட்டேன். அவை எல்லாக் கருவியிலும் இருப்பவை. அவற்றால் ஆன நகைக்குத் தனிச்சொல் தேடுவோம்.

சால்டருக்குப் ‘பற்றாசு’ என்று எழுதியிருக்கிறேன். ‘பற்றவைப்புக் கம்பி’ என்று எழுதுவதை விட்டுவிட்டு இதையே நிலைநாட்டலாம். வெண்பாவில் இடைவெளியை நிரப்பும் அசையை ‘ஆசு’ என்று சொன்னதும் பொற்கொல்லரின் இந்தப் பற்றாசை வைத்துத்தான். இங்கே சொல் துல்லியமாக இருப்பது உடல்நலத்துக்கும் தேவை. பழைய கருவிகளில் இருப்பது ஈயப் பற்றாசு. பெரும்பாலும் 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு ஈயம். ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை முதல் ஈயத்தை 0.1 விழுக்காட்டுக்குள் கட்டுப்படுத்திய பிறகுதான் ‘ஈயமிலிப் பற்றாசு’ பரவலானது. செய்முறை எழுதுவோர் இரண்டையும் ஒரே சொல்லால் எழுதக்கூடாது. ஈயமும் வெள்ளீயமும் வேறு என்பதையும் ஒவ்வொரு முறையும் சொல்லவேண்டும்.

அழுத்தமின் தகட்டிலும் கவனம் தேவை. பித்தளை வட்டின்மேல் இருக்கும் வெண்பீங்கானில் பெரும்பாலும் ஈயச் சேர்மம் கலந்திருக்கும். விரிசல் விட்டதை அணியக்கூடாது. நல்லதையும் தெளிந்த பிசினால் மூடியபிறகே அணியவேண்டும்.

இன்னொரு சொல்லும் வேண்டியிருக்கிறது. காதுத் துளைக்குள் நுழையும் தண்டும் சதையில் படும் பின்பக்கமும் எந்த உலோகம் என்பதே பரலணியில் முதல் கேள்வி. செருகியின் பளபளப்பு பெரும்பாலும் நிக்கல் முலாம். பொன்முலாம் பூசியதிலும் அடியில் பெரும்பாலும் நிக்கல் இருக்கும். நிக்கல் ஒவ்வாதவர்களுக்குக் காதுமடல் சிவந்து அரிக்கும். துளைக்குள் நுழையும் பகுதியிலிருந்து வாரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக்கூடாது என்பது ஐரோப்பிய விதி. தோலில் மட்டும் படுவதற்கு 0.5. இந்த இடத்தைத் தனியே குறிக்க ‘தோல்படு பகுதி’ என்று எழுதிவருகிறேன்.

அகராதிக்கு என் வரைவு:

பரலணி (பெ.): ஒலிப்பரல்களை முதன்மையாகக் கொண்டு செய்யப்படும், மின்சாரம் ஓடாத அணிகலன். தோல்படு பகுதி நகைக்குரிய உலோகத்தால் ஆனதாக இருக்கவேண்டும்.

இரண்டாவது வாக்கியம் அகராதிக்கு உரியதன்று என்று சிலர் சொல்லக்கூடும். சொல்லோடு இந்த எச்சரிக்கையும் போய்ச்சேர வேண்டும் என்பதால் வைத்திருக்கிறேன். ‘தோல்படு பகுதி’க்குப் பொற்கொல்லர் வழக்கில் ஏற்கெனவே ஒரு சொல் இருந்தால் அதையே எடுத்துக்கொள்வோம். நகை வேலை தெரிந்தவர்கள் தெரிவியுங்கள்.