பழைய மதராஸ் அரசு முத்திரை யார் வீட்டிலாவது இருக்கிறதா?

வணக்கம். காட்பாடியில் எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். அரசு முத்திரை பற்றிப் பிள்ளைகள் கண்காட்சி வைக்கிறார்கள். கோபுரம், முன்னே அசோகரின் சிங்கத்தூண், இருபுறமும் தேசியக்கொடி. 1949இல் வரைந்தவர் ஓவியர் ஆர். கிருஷ்ணா ராவ். ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் என்றே நாம் சொல்லி வருகிறோம். அவரோ மதுரை மீனாட்சியம்மன் கோயில் மேற்குக் கோபுரத்தைப் பார்த்து வரைந்ததாகச் சொல்லியிருக்கிறார். பிள்ளைகளுக்கு ஒரே ஆச்சரியம்!

சரி, உதவி இதுதான். 1969க்கு முன், மாநிலம் மதராஸாக இருந்தபோது வந்த காகிதம் வேண்டும். பாட்டியின் டிரங்குப் பெட்டியில் ஒன்று கிடைத்தது. மடிப்பு முத்திரை மேலேயே விழுந்து, கோபுரக் கலசம் மட்டும் மிச்சம். குடியாத்தம், ஆம்பூர், ஆரணி என்று பழைய வட ஆற்காட்டுக்காரர்கள் பரணில் கொஞ்சம் தேடிப் பாருங்களேன். முத்திரையை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பினால் போதும்.