அலையில் அடிவாங்கும் ஃபைபர் படகு: இன்னும் ரெண்டு லேயர் போட்டால் போதுமா?

தூண்டில்காரன்:
நானும் மச்சானும் சேர்ந்து ஒரு பழைய 21 அடி ஃபைபர் படகு வாங்கினோம். பினாங்கில் பத்து மாவுங் என்ற ஊரிலிருந்து புலாவ் கெண்டி தீவுப் பக்கம் மீன் பிடிக்கப் போவோம். தென்மேற்குக் காற்று இருக்கும் நாளில் போகும்போது, படகு வேகம் 20 நாட் (மணிக்கு சுமார் 37 கி.மீ.) தாண்டினாலே அடியில் டமார் டமார் என்று அறைகிறது. இப்போது முன்பக்கம், உள்ளே ஸ்ட்ரிங்கர் (அடிப்பக்கத்தைத் தாங்க நீளவாக்கில் வைத்த கட்டை) ஓடுகிற இடத்தை ஒட்டியே ஜெல்கோட்டில் (ஃபைபரின் வெளிப்பூச்சில்) மயிரிழை விரிசல்கள். பட்டறையில், வெளியே இன்னும் ரெண்டு லேயர் ஃபைபர் போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். போடலாமா?

நீரோட்டம்:
லேயர் போட்டால் படகு கொஞ்சம் அதிகமாகத் தாங்கும், ஆனால் அலை கொடுக்கும் அடி குறையாது. அந்த அடி ரெண்டு விஷயத்தைப் பொறுத்தது: படகு தண்ணீரில் விழும் செங்குத்து வேகம், அடிப்பக்கம் 'வி' வடிவில் எவ்வளவு சரிந்திருக்கிறது என்பது. கடல் விமானங்கள் தண்ணீரில் இறங்கும்போது மிதவைகள் வாங்கும் அடியை ஆய்வாளர்கள் வான் கார்மன் 1929-லும் வாக்னர் 1932-லும் கணக்கிட்டார்கள், படகுக்கும் அதே கணக்குதான். விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் விழுந்தால், 10 டிகிரி சரிவுள்ள அடியில் உச்ச அழுத்தம் சுமார் 370 கிலோபாஸ்கல். 20 டிகிரி என்றால் சுமார் 90தான். கால்வாசி! விழும் வேகம் இரட்டிப்பானால் அடி நான்கு மடங்கு. இந்த உச்சம் ஒரு குறுகிய பட்டையில் மில்லிவிநாடிகள் மட்டும் நின்று வெளிப்பக்கமாக ஓடிவிடும், அதனால் ஃபைபரின் கனத்தை முடிவு செய்ய சராசரி அழுத்தத்தைத்தான் எடுப்பார்கள். ரே ஹன்ட் வரைந்த ஆழமான 'வி' படகு 1960-ல் மயாமி–நாசாவ் பந்தயத்தை வென்றதும் இந்தச் சரிவால்தான். என்ன, அதை ஓட்ட இன்ஜின் சக்தி அதிகம் வேண்டும், நிற்கும்போது ஆட்டமும் அதிகம்.

ஃபைபர்பட்டறை:
தம்பி, விரிசல் ஸ்ட்ரிங்கர் ஓரத்தில்தானே? ரெண்டு கட்டைக்கு நடுவில் இருக்கும் பகுதி ஒவ்வொரு அடிக்கும் வளைகிறது, வளைவின் இழுப்பு கட்டை ஓரத்தில்தான் அதிகம், ஜெல்கோட் வளையாது, அதனால் அங்கே வெடிக்கிறது. முதலில் பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் விரிசல் மேலோடு நிற்கலாம், மந்தமாகக் கேட்டால் உள்ளே லேயர் பிரிந்திருக்கலாம், இல்லாவிட்டால் கட்டை தண்ணீர் குடித்து இற்றுப்போயிருக்கும். அதன்மேல் வெளியே லேயர் போடுவது காசைக் கடலில் போடுவதுதான்.

நீரோட்டம்:
ஓட்டும்போது எதிர் அலைக்கு வேகத்தைக் குறைத்து, இன்ஜின் ட்ரிம்மை (இன்ஜின் சாய்ந்திருக்கும் கோணத்தை) உள்ளே இழுத்து மூக்கைத் தாழ்த்துங்கள், கூரான முன்பகுதி அலையை வெட்டும். திரும்பும்போது அலை பின்னாலிருந்து வரும், அப்போது மூக்கைத் தூக்கியே வைக்க வேண்டும், இல்லையென்றால் அது அலையில் குத்திப் படகைத் திருப்பிவிடும். முன்பக்கம் ஆளை உட்கார வைக்காதீர்கள், குலுக்கல் அங்கேதான் மிக அதிகம், முதுகெலும்பே முறியலாம்.

தூண்டில்காரன்:
தட்டிப் பார்த்தேன் அண்ணே. வலப்பக்கம் ஒரு முழ நீளத்துக்கு மந்தமாகக் கேட்கிறது.

ஃபைபர்பட்டறை:
அப்படியென்றால் கடலுக்குப் போகாதீர்கள். உள்தளத்தை வெட்டித் திறந்து, ஸ்ட்ரிங்கரில் சின்னதாக ஒரு துளை போட்டு, வருகிற தூள் ஈரமா காய்ந்ததா என்று பாருங்கள். ஈரமாக இருந்தால் கட்டையையே மாற்றணும்.