பரண்ல கெடச்ச பில் ஹேலி இசைத்தட்டு, யாருங்க இவங்க?

குடமுருட்டிக்கரை:
திருவையாறு பக்கம் பாட்டி வீட்டுப் பரணை ஒழிச்சப்ப ஒரு தகரப்பெட்டி, உள்ள பூரா நாதஸ்வரத் தட்டு, நடுவுல 'ராக் அரவுண்ட் த க்ளாக்'னு ஒண்ணு, நிமிஷத்துக்கு 78 சுத்து ஓடுற பழைய வகை, ஓரத்துல நகக்கண் அளவு செதஞ்சிருக்கு. தாத்தா ஆராதனைக்கு மொத வரிசைல உக்கார்ற ஆளு, அவர் பெட்டிக்குள்ள இது எப்டி வந்துச்சுன்னு கேக்க இப்ப அவரும் இல்ல. யூடியூப்ல பாட்டைக் கேட்டேன், நடுவுல ஒரு கிடார் சரசரன்னு எறங்குது பாருங்க, பத்து வாட்டியாச்சும் போட்டிருப்பேன். இவங்கதான் ராக் அண்ட் ரோலை ஆரம்பிச்சதா?

வெண்ணாத்து வாசி:
ஹேலி மொதல்ல கவ்பாய் தொப்பி போட்டு கன்ட்ரி, அதாவது அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டு, பாடின ஆளுங்க, அப்ப செட்டு பேரு சேடில்மென். 1952ல தொப்பியக் கழட்டிட்டு ஹேலி வால்நட்சத்திரத்தை வச்சு காமெட்ஸ்னு மாத்திக்கிட்டாங்க. உங்க பாட்டு 1954 ஏப்ரல் 12, நியூயார்க்ல பதிவானது, அன்னிக்கு நேரம் பூரா வேற ஒரு பாட்டுக்கே போயி இதுக்குக் கெடச்சது ரெண்டே டேக். தட்டுல இது பின்பக்கம், சுமாராத்தான் வித்துச்சு. அடுத்த வருஷம் 'பிளாக்போர்டு ஜங்கிள்' படத்துல டைட்டிலுக்குப் போட்டாங்க, அவ்ளோதான், எட்டு வாரம் நம்பர் ஒன்.

தவில்வீட்டுப் பையன்:
நீங்க சொல்ற அந்தக் கிடார் டேனி செட்ரோன். 1952ல 'ராக் த ஜாயின்ட்'னு இவங்க போட்ட பாட்டுல வாசிச்ச அதே உருப்படியத்தான் திருப்பி வாசிச்சாரு. அன்னிக்குக் கூலி 21 டாலர். ரெண்டு மாசத்துல மாடிப்படில விழுந்து செத்துட்டாரு, பாட்டு ஹிட்டானத அந்த மனுஷன் பாக்கவே இல்ல. மத்தவங்களுக்கும் பெருசா ஒண்ணும் இல்ல, பேரு ஹேலிக்கு, துட்டும் அங்கதான், 1955லயே ட்ரம்ஸ், சாக்ஸபோன், பாஸ் வாசிச்ச மூணு பேரும் சம்பளத் தகராறுல வெளிய வந்து அவங்கவங்க பேர்ல பாதி பாதி ஒட்டி ஜோடிமார்ஸ்னு தனி செட்டு போட்டாங்க. எங்கப்பா விடிய விடிய தவில் அடிச்சுட்டு விரல்ல கூடு கழட்டறதுக்குள்ள, 'மீதிய அடுத்த முகூர்த்தத்துல வாங்கிக்க'ன்னு சொல்லிட்டு வண்டி ஏறிப் போனவங்கள எனக்குத் தெரியும் சார்.

நடவாள்:
ஆரம்பிச்சது இவங்கன்னு சொல்லாதீங்கப்பா. 'ராக்கெட் 88' 1951லயே ஜாக்கி பிரென்ஸ்டன் பாடினது, ஐக் டர்னர் செட்டு, ஹேலி அதே வருஷம் அதத் திருப்பிப் பாடினாரு. 'ஷேக் ராட்டில் அண்ட் ரோல்' பிக் ஜோ டர்னரோடது, அதுல கொஞ்சம் விவகாரமான வரியெல்லாம் எடுத்துட்டு ஹேலி பாடினாரு. கறுப்பினத்தவங்க தெருவுல ஓடிட்டிருந்த தாளத்த வெள்ளக்காரப் புள்ளைங்க வீட்டு ரேடியோவுக்குக் கொண்டுபோனாரு, அது வேணா பெரிய வேலதான்.

குடமுருட்டிக்கரை:
தவில்வீட்டுத் தம்பி, உருப்படின்னு சொன்னீங்களே, இனிமே எனக்கு அது அப்டித்தான் கேக்கும். தட்டு மேல ஒரே அழுக்கு, ஸ்பிரிட் போட்டுத் தொடைக்கலாமா?

வெண்ணாத்து வாசி:
ஐயையோ வேணாம். 78 தட்டு அரக்குல செஞ்சது, ஸ்பிரிட்டு பட்டா கரைஞ்சிடும். ஈரத்துணி போதும், லேபிள் நனையாம பாத்துக்குங்க. இப்பத்த ப்ளேயர் ஊசியும் வெக்காதீங்க, 78க்குன்னு தடியா தனி ஊசி இருக்கு.