கொங்குப் பேச்சு பேசுபவர்கள் கொஞ்சம் உதவுங்கள்

வணக்கமுங்க. எழுவாய்க்கும் வினைமுற்றுக்கும் உள்ள இயைபு, அதாவது எழுவாய்க்கு ஏற்ப வினையின் முடிவு மாறுவது பற்றி ஆய்வு செய்கிறேன், கோபி, பெருந்துறை, தாராபுரம் பக்கத்துப் பேச்சு வேண்டும். "பையனும் நாயும்" என்று தொடங்கினால் வீட்டில் எப்படி முடிப்பீர்கள், வந்தாங்களா, வந்துச்சா, இல்லை இரண்டுமே காதுக்கு உறுத்துகிறதா? இப்படி உயர்திணையும் அஃறிணையும் கலந்து வந்தால் சிறப்பு, மிகுதி, இழிவு பார்த்து ஒரே முடிபு (ஒரே திணைக்குரிய வினை) கொள்ளும் என்கிறது இலக்கண நூலான நன்னூல், ஆனால் வினை இரண்டு பெயரையும் சேர்த்துப் பார்க்கிறதா, பக்கத்தில் நிற்பதை மட்டுமா என்பதுதான் தொடரியலில் (வாக்கிய அமைப்பை ஆராயும் துறையில்) பெரிய கேள்வி. அதனால் "நாயும் பையனும்" என்று மாற்றியும் சொல்லிப் பாருங்கள்.

அப்புறம் "அக்கா வந்துச்சு". அஃறிணை விகுதிதான், ஆனால் எவ்வளவு பாசமாக வருகிறது! இதை யாருக்கெல்லாம் சொல்வீர்கள், மாமியாருக்கும் உண்டா? யோசிக்காமல் முதலில் வாயில் வருவதை ஊர்ப் பெயரோடு எழுதுங்க, அப்பத்தாவிடம் கேட்டுச் சொன்னால் இன்னும் நல்லது.