சாரிட்டி ஷாப் அனுபவம்: வாங்கியவர்களும் கொடுத்தவர்களும் சொல்லுங்கள்

கல்யாணி_ஹாரோ
பாத்திரக்கடையில் பேர் வெட்டித் தருவார்களே, அந்தப் புள்ளி எழுத்தை லண்டன் ஹாரோவில் ஒரு சாரிட்டி ஷாப் அலமாரியில் பார்த்தேன். மக்கள் கொடுக்கும் பழைய பொருட்களை அறக்கட்டளைக்காக விற்கும் கடை. பித்தளைச் சொம்பு. கழுத்தைச் சுற்றி இனிஷியலோடு ஒரு பெண்ணின் பெயர், பக்கத்தில் 1971ஆம் வருடத்து வைகாசித் தேதி. கல்யாணச் சீராகத்தான் இருக்க வேண்டும். உள்ளே பிளாஸ்டிக் துலிப் பூக்களைச் செருகி, நான்கு பவுண்டு என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். ஸ்டிக்கர் பாதிப் பெயரை மறைத்தது.

கல்லாவில் இருந்த வெள்ளைக்காரப் பாட்டி "அழகான வேலைப்பாடு" என்றார். வேலைப்பாடு இல்லை, ஒருவருடைய பெயர் என்றேன். சட்டென்று கையை எடுத்துவிட்டார். "உங்களுக்குத் தெரிந்தவரா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். இல்லை என்று சொல்ல எனக்கு ஏனோ நேரம் பிடித்தது. வாங்கி வந்துவிட்டேன், பூவையும் சேர்த்தே கொடுத்தார். அதில் தண்ணீர் பிடிக்கவும் மனம் வரவில்லை, ஷோகேஸில் வைக்கவும் பிடிக்கவில்லை. வேறு யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

வடமராட்சியான்
அக்கா, இதில் மர்மம் ஒன்றும் இல்லை. பெரியவர் ஒருவர் போய்விட்டால் வீட்டைக் காலி செய்து சாவி கொடுக்க வேண்டும். பிள்ளைகள் எல்லாவற்றையும் காரில் ஏற்றி வந்து கடையில் இறக்கிவிட்டுப் போவார்கள். நான் ஒரு கடையின் பின்னறையில் தொண்டு வேலை செய்தவன். பையைப் பிரிப்பது, உடுப்புக்கு நீராவி அடிப்பது, விலைச்சீட்டு குத்துவது, இவைதான் வேலை.

ஒருநாள் சூட்கேஸ் நிறையச் சீலைகள் வந்தன. மேலாளர் பெண் ஒன்றை விரித்துப் பார்த்துவிட்டு, ஜன்னலுக்குப் போடுவதா என்று கேட்டார். கூறைச்சேலை ஒன்றின் கொசுவத்தில் ஊக்கு குத்தியபடியே இருந்தது. கட்டி அவிழ்த்தவர் அப்படியே மடித்து வைத்திருக்க வேண்டும். ஊக்கைக் கழற்றி என் பொக்கெட்டில் போட்டுக்கொண்டேன். ஏன் என்று கேட்காதீர்கள். சீலை சில கிழமை தொங்கியது, ஒருவரும் தொடவில்லை. கடைசியில் கழிவுத்துணிப் பைக்குள் போனது. விற்காத உடுப்பை மறுசுழற்சிக்காரர் கிலோக்கணக்கில் எடுப்பார், அதிலும் அறக்கட்டளைக்குக் கொஞ்சம் காசு வரும். ஆனபடியால் உங்கள் சொம்புக்கு நல்ல காலம்தான்.

வெம்பிளி_சுரேஷ்
நீங்கள் சொம்புக்கு வருத்தப்படுகிறீர்கள், எங்கள் சோபாவை எடுக்கவே மாட்டேன் என்றார்கள். வேன் போட்டு இரண்டு பேர் வந்தார்கள். உட்கார்ந்துகூடப் பார்க்கவில்லை, கவிழ்த்துப் போட்டு அடியில் எதையோ தேடினார்கள். தீப் பாதுகாப்பு லேபிளாம். 1988இல் வந்த தீப் பாதுகாப்பு விதி, அந்த லேபிள் இல்லாததைச் சாரிட்டி ஷாப்கள் பொதுவாக எடுக்கமாட்டார்கள். காலில் பிறாண்டுகிறது என்று அம்மா அதை எப்போதோ கத்தரித்து எறிந்திருந்தார். சோபாவைக் கவிழ்த்தபடியே விட்டுவிட்டு "ஸாரி" என்று போய்விட்டார்கள். "சும்மா கொடுத்தாலும் வேண்டாமாம், அவ்வளவு கொழுப்பு!" என்று அம்மா வாசல்வரை போய்ச் சொன்னார், நல்லவேளையாகத் தமிழில்.

ஆடிட்டர்_மாமா
அப்பாவின் குளிர்கோட்டைக் கொடுத்தேன். 6 பவுண்டு 50க்குப் போனது என்று கடிதம் வந்தது. அப்பா இருந்திருந்தால் விலையைக் குறைத்ததற்குக் கடைக்கே சண்டைக்குப் போயிருப்பார். அது கிடக்கட்டும், முக்கியமானது அந்தக் கடிதம்தான். கொடுக்கும்போது கிஃப்ட் எய்டு படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள். கடை உங்கள் சார்பில் பொருளை விற்கும். வந்த பணத்தை நீங்கள் நன்கொடையாக விட்டால், ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு அறக்கட்டளைக்கு 25 பென்ஸ் சேர்த்துக் கொடுக்கும். ஆனால் நீங்கள் அந்த வருடம் அந்த அளவுக்காவது வரி கட்டியிருக்க வேண்டும். வரியே கட்டாத பாட்டியின் பெயரில் போட்டால் குறையும் தொகையைப் பாட்டியிடம்தான் கேட்பார்கள். அப்புறம், கடை மூடியபின் வாசலில் பையை வைக்காதீர்கள். மழையில் நனையும், யாராவது கிழித்துப் போடுவார்கள், அது குப்பை கொட்டிய குற்றமாகவும் ஆகலாம். குழந்தைகளின் கார் சீட், சைக்கிள் ஹெல்மெட் பொதுவாக வாங்கமாட்டார்கள். மின்சாதனம் என்றால் சோதித்துத்தான் விற்க வேண்டும், எல்லாக் கடைக்கும் அந்த வசதி இல்லை, முதலில் போன் போட்டுக் கேளுங்கள். துவைத்துக் கொடுங்கள். ஷூ ஜோடியைக் கயிற்றால் கட்டிவிடுங்கள். கல்யாணி, சொம்புக்குப் புளி போட்டுத் தேய்க்கலாம், எழுத்தின்மேல் மட்டும் அழுத்தாதீர்கள்.

ஈஸ்ட்ஹாம்_பிரியா
மாமா, இதையெல்லாம் யார் கேட்டது? அனுபவம் என்றுதானே தலைப்பு.

என்னுடையது சின்னது. மகளுக்கு 1000 துண்டுப் படப்புதிர் ஒன்று எடுத்தேன். மூடியில் பென்சிலால் "ஒன்று இல்லை, வானத்தில், இடது மூலை" என்று எழுதியிருந்தது. யார் எண்ணினார்கள் என்று கேட்டேன். ஓய்வுபெற்ற தொண்டர் ஒருவர் இருக்கிறாராம், வரும் புதிர் எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுபோய் அடுக்கிப் பார்த்துத்தான் விற்பனைக்கு அனுப்புவாராம். விலை ஒன்றரைப் பவுண்டு. அதே தெருவில் இன்னொரு கடை, மலிவு உடுப்புக் கடையான பிரைமார்க்கின் சட்டை ஒன்றைப் புதிய விலையைவிடக் கூடுதலாகத் தொங்கவிட்டிருந்தது. இல்லாதவர்கள் வாங்கத்தானே இந்தக் கடைகள்? பிறகு இதற்கு என்ன அர்த்தம்?

வடமராட்சியான்
பிரியா, நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். மலிவாகக் கொடுப்பது நல்ல பக்கவிளைவு, நோக்கம் பணம் சேர்ப்பது. கிரேக்கத்தில் பஞ்சம் என்று 1942இல் தொடங்கிய ஆக்ஸ்ஃபாம் அறக்கட்டளை, பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் கடை திறந்ததும் வந்த பொருளைக் காசாக்கத்தான். இங்கிலாந்தில் இந்தக் கடைகளுக்குக் கடை வரியில் 80 சதவீதம் கழிவு உண்டு, சரி. வாடகையும் கரண்டும் மேலாளர் சம்பளமும் யார் கொடுப்பது? ஆனால் புதிய விலைக்கு மேலே போட்டது அநியாயம்தான். சட்டைக்கு இவ்வளவு என்று கண்ணை மூடிக்கொண்டு சீட்டுக் குத்துவார்கள், நான் நேரில் பார்த்தது. அப்படி இருந்தால் கல்லாவில் சொல்லுங்கள், மாற்றுவார்கள்.

மாமா, சப்பாத்தைக் கயிற்றால் கட்டாதீர்கள். முடிச்சு அவிழ்க்கவே அரை நாள் போகும். ரப்பர் பேண்ட் போதும்.

வெம்பிளி_சுரேஷ்
சோபா இன்னும் இங்கேதான் இருக்கிறது. மூன்று பேர் உட்காரலாம், பழுப்பு நிறம். யாருக்காவது வேண்டுமென்றால் சும்மாவே எடுத்துப் போகலாம், லேபிள் கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். படியிறக்க ஆள் கூட்டி வாருங்கள்.